படிக்கச் சென்றவர் எத்தனை மணி நேரம் உழைக்கலாம்?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

உயர்கல்வி கற்கக் கடல் கடந்து செல்வோர் தொகை பெருகியிருப்பதை யாவரும் அறிவோம். நம் பள்ளியில் பயின்று சென்ற அக்காமார் சிலர் இன்று சிட்னியிலும் மெல்போர்னிலும் படித்துக்கொண்டிருக்கின்றனர். எங்கள் வகுப்பில் மட்டுமே அண்ணனையோ அக்காவையோ ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி வைத்த குடும்பங்கள் நான்கு உண்டு. பயணத்திற்கு முன் அந்த வீடுகளில் நடந்த பேச்சு ஏறக்குறைய ஒன்றேதான். “கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே போய்ப் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம், கடனையும் அடைத்துவிடலாம்” என்பதே அது. இந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைத்தவரும் உண்டு. நிலத்தை ஈடு காட்டி வங்கியில் கடன் வாங்கியவரும் உண்டு.

இப்பேச்சு எவ்வளவு தூரம் உண்மை? படிக்கச் சென்றவர் அங்கே எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்? வரம்பை மீறினால் என்ன நேரும்? இவற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம். எல்லா நாடுகளையும் எடுத்துக்கொண்டால் ஆண்டு மலரின் பக்கங்கள் போதா. ஆகவே ஆஸ்திரேலியாவை முதன்மையாகக் கொண்டு, பிற நாடுகளை இடையில் தொட்டுச் செல்வோம்.

விசா என்றதும் பாஸ்போர்ட்டில் குத்தப்படும் முத்திரைதான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் அது நிபந்தனைகளோடு கூடிய ஓர் அனுமதி. ஆஸ்திரேலியா இப்போது முத்திரை குத்துவதும் இல்லை, தாள் ஒட்டுவதும் இல்லை. எல்லாம் கணினியில் பதிவு. ‘வீவோ’ என்னும் இணையச் சேவையில் பாஸ்போர்ட் எண் முதலிய விவரங்களைக் கொடுத்தால், தன் விசாவில் என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்று மாணவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். வேலைக்கு எடுக்கும் முதலாளியும் அதையே பார்ப்பார். மாணவர் விசாவுக்கு 500 என்று எண். அதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனித்தனி எண் உண்டு. வேலையைப் பற்றிய நிபந்தனையின் எண் 8105.

அந்த 8105 கூறுவது இதுதான். படிப்பு தொடங்கும் முன்னர் எந்த வேலையும் செய்யக் கூடாது. படிப்பு தொடங்கிய பின், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் இரு வாரத்திற்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பருவ விடுமுறையில் வரம்பு கிடையாது. விரும்பிய அளவு உழைக்கலாம். ஆய்வு செய்து முதுகலைப் பட்டம் பெறுவோருக்கும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கும் படிப்பு தொடங்கிய பிறகு மணிக்கணக்கே கிடையாது. பாடத்திட்டத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுள்ள பயிற்சிப் பணி இந்த 48 மணியில் அடங்காது. செவிலியர் படிப்பில் மருத்துவமனைக்குச் சென்று பயில்வதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இந்த 48 என்னும் எண் எப்படி வந்தது என்பதும் அறியத்தக்கது. 2008 வரை மாணவர்கள் வேலை செய்யத் தனியாக விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் விசாவோடு சேர்த்தே அனுமதி வழங்கப்பட்டது. அப்போது வாரத்திற்கு 20 மணி என்று வரம்பு இருந்தது. 2012 இல் அதை இரு வாரத்திற்கு 40 மணி என்று மாற்றினார்கள். கொரோனாத் தொற்றுக் காலத்தில் கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஆள் கிடைக்காமல் போகவே, வரம்பு சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டு, 2022 ஜனவரியில் முழுவதும் நீக்கப்பட்டது. அப்போது படிப்பை ஓரம் கட்டிவிட்டு முழுநேரமும் வேலைக்குப் போனவர்கள் உண்டு. பிறகு 2023 ஜூலை 1 முதல் வரம்பு மீண்டும் வந்தது. ஆனால் பழைய 40 வரவில்லை. 48 என்று எட்டு மணி கூட்டித் தந்தார்கள்.

‘இரு வாரத்திற்கு’ என்று சொல்வதில்தான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எத்தனையோ மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம். இரு வாரம் என்பது ஏதேனும் ஒரு திங்கட்கிழமை தொடங்கிப் பதினான்கு நாட்கள். முதலாம் இரண்டாம் வாரங்களை ஒரு சோடியாகவும், மூன்றாம் நான்காம் வாரங்களை அடுத்த சோடியாகவும் கட்டிவிட்டால் போயிற்று என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியன்று! இரண்டாம் மூன்றாம் வாரங்களும் ஒரு சோடிதான். எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும் பதினான்கு நாளில் 48 ஐத் தாண்டக் கூடாது.

ஒரு மாணவி முதல் வாரம் 18 மணி, இரண்டாம் வாரம் 30 மணி, மூன்றாம் வாரம் 28 மணி, நான்காம் வாரம் 20 மணி வேலை செய்ததாக வைத்துக்கொள்வோம். முதல் சோடியைக் கூட்டினால் 48. கடைசிச் சோடியைக் கூட்டினாலும் 48. நான்கு வாரத்திற்கும் மொத்தம் 96. எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றுகிறதல்லவா? நடுவில் உள்ள இரண்டு வாரங்களைக் கூட்டிப் பாருங்கள்: 58 மணி! பத்து மணி நேரம் அதிகம்; விசா நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. இக்கணக்கை எங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, முதலில் கண்டுபிடித்தவர் இருவர்தாம். ஒவ்வொரு வாரமும் 24 மணிக்குள் நிறுத்திக்கொள்வோருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டு இடங்களில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் எண்ணவேண்டும். மாலையில் உணவகத்திலும் வார இறுதியில் கடையிலும் நிற்கும் மாணவர், “ஒரு முதலாளிக்கு 48, இன்னொருவருக்கு 48” என்று பிரித்துக்கொள்ள முடியாது. இருசக்கர வண்டியில் வீடு வீடாக உணவு கொண்டு கொடுப்பதும் வேலைதான். அது ‘சொந்தத் தொழில்’ என்று சொல்லப்படுவதால் கணக்கில் வராது என்பது தவறான செய்தி. சம்பளம் வாங்காமல் செய்தாலும், வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருந்தால் அதுவும் வேலையாகவே கருதப்படும். இலாப நோக்கமற்ற அமைப்புகளில் மனமுவந்து செய்யும் தொண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மாணவரோடு கணவரோ மனைவியோ சென்றால் அவருக்கும் 48 மணிதான். மாணவர் படிப்பது முதுகலை அல்லது முனைவர் பட்டமாயின், உடன் சென்றவருக்கு வரம்பு இல்லை. அவரும் மாணவரின் படிப்பு தொடங்கும்வரை காத்திருக்கவேண்டும்.

ஏன் இப்படி ஒரு வரம்பு வைத்தார்கள் என்று கேட்கலாம். விசா கொடுத்தது படிப்பதற்காக. வேலைக்கென்று வருவோருக்கு வேறு விசாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு தகுதிகளும் கேட்கிறார்கள். மேலும் ஒரு மாணவர் வகுப்பில் தக்க முன்னேற்றம் காட்டவில்லையென்றால், கல்வி நிறுவனமே அதை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. நமது விடுதியில் ஒன்பதரை மணிக்கு விளக்கணைக்கச் சொல்லும்போது நாம் முணுமுணுக்கிறோம். காலையில் எழும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. எனினும் எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். கட்டணத்தை உள்ளூர் மாணவரைவிடப் பன்மடங்கு வாங்கிக்கொண்டு, உழைக்கும் நேரத்தை மட்டும் அளந்து கொடுப்பது பிள்ளைகளுக்குச் சிரமம்தான். நம் நாட்டைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். இந்தியாவுக்கு மாணவர் விசாவில் வந்து படிக்கும் வெளிநாட்டார்க்கு வேலை பார்க்க அனுமதியே கிடையாது.

பிற நாடுகளில் எப்படி? பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி. பட்டத்திற்குக் கீழான படிப்பாயின் 10 மணி. அங்கே வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் குறைத்து மறுவாரம் கூட்டிக்கொள்ள வழியில்லை. சுயதொழில் அறவே கூடாது. கனடாவில் கல்லூரிக்கு வெளியே வாரத்திற்கு 20 மணியாக இருந்த வரம்பு, 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தது. 2024 நவம்பர் 8 முதல் அது 24 மணி ஆயிற்று. எல்லாவற்றிலும் கடுமையானது அமெரிக்கா. எஃப்-1 விசாவில் செல்லும் மாணவர், கல்லூரி வளாகத்திற்குள்ளேயே வாரத்திற்கு 20 மணி வேலை செய்யலாம். நூலகம், உணவுக்கூடம், ஆய்வகம் என்று. முதல் கல்வியாண்டில் வெளியே வேலைக்குப் போக முடியாது. பிறகும் தனி அனுமதி வேண்டும். ‘அங்கே பெட்ரோல் பங்கில் நின்று சம்பாதித்தேன்’ என்று எவரேனும் பெருமையாகச் சொன்னால், எந்த அனுமதியின்பேரில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனி பெற்றோர்கள் கவனிக்கவேண்டிய பகுதிக்கு வருவோம்: பணக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, 21 வயது நிறைந்தவருக்கு மணிக்கு 24 டாலர் 95 சென்ட். இது ஆண்டுதோறும் ஜூலையில் மாற்றியமைக்கப்படும். இக்கூலியில் வாரத்திற்கு 24 மணி, ஆண்டின் 52 வாரமும் ஒரு நாள் கூட விடாமல் உழைத்தால் 31,000 டாலரை ஒட்டி வரும். அதில் வருமான வரியும் உண்டு. விசா கேட்கும்போது, ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு மாணவர் கையில் இருக்கவேண்டும் என்று 2024 மே மாதத்தில் அந்நாட்டு அரசு வகுத்த தொகை 29,710 டாலர். ஆக, இடைவிடாமல் உழைத்த கூலி உண்ணவும் உறங்கவும் சரியாகிவிடுகிறது! நிரந்தரமில்லாமல் கூப்பிட்டபோது போகும் ஊழியருக்கு விடுப்புச் சம்பளம் இல்லை. அதற்கு ஈடாகக் கூலியில் நூற்றுக்கு 25 கூட்டித் தருவார்கள். அப்படியும் 39,000 ஐத் தாண்டுவதில்லை. பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமோ 30,000 டாலருக்கு மேல். விடுமுறையில் கூடுதலாக உழைத்துச் சிறிது சேர்க்கலாம். ஆனால் கட்டணமும் கடன் தவணையும் பகுதிநேரக் கூலியில் கழிந்துவிடும் என்று வீட்டில் போட்ட கணக்கு எந்த வழியிலும் நேராகவில்லை. முகவர் அலுவலகங்களில் வண்ணத்தாளில் அச்சிட்டுத் தரும் விளம்பரங்களில் இந்தக் கூட்டலைக் காண முடியாது.

கணக்கு நேராகாதபோது என்ன நடக்கும்? மாணவர் வரம்பை மீறி உழைக்கத் தொடங்குவார். இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. விசா ரத்தாகும் ஆபத்து ஒன்று. அதைவிட முன்னதாக வந்து நிற்பது முதலாளியின் பிடி.

2015 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் சேர்ந்து ‘செவன் இலெவன்’ என்னும் கடைத் தொடரைப் பற்றிய செய்திகளை வெளியிட்டன. இரவு பகலாகத் திறந்திருக்கும் சிறு கடைகள் அவை. ஒவ்வொரு கடையையும் ஒரு தனி உரிமையாளர் நடத்துவார். அங்கே நின்றவர்களில் மிகப் பலர் வெளிநாட்டு மாணவர்கள்; நம் நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். வாரத்திற்கு 40 மணி வேலை வாங்கிவிட்டு, பேரேட்டில் 20 மணி என்று எழுதி, 20 மணிக்கே கூலி கொடுத்திருக்கிறார்கள். அதாவது பாதிக் கூலி! மாணவர் வாய் திறந்தால், “நீ விசா வரம்பை மீறியிருக்கிறாய், குடியேற்ற அலுவலகத்தில் சொல்லட்டுமா?” என்பது பதில். மீறும்படி செய்தவரே அதைச் சொல்லி அச்சுறுத்துவது எவ்வளவு கொடுமை! இன்னும் சில கடைகளில் முழுக் கூலியையும் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சோதனைக்கு வருவோர் பார்த்தால் ஏடு சரியாக இருக்குமல்லவா?

செய்தி வெளிவந்தபின் நிறுவனம் ஊழியருக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 15 கோடி டாலருக்கும் மேல். 2017 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கூலியைத் திரும்பப் பிடுங்குவதைத் தடை செய்தது, கடைக்காரர் செய்யும் தவற்றுக்குத் தலைமை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்க வழி செய்தது, அபராதங்களையும் உயர்த்தியது.

பெற்றோரும் மாணவியரும் மனத்தில் இருத்தவேண்டிய சட்டங்கள் இன்னும் இரண்டு உண்டு. 2023 ஜூலை முதல், ஒருவரது விசா நிலை எதுவாக இருப்பினும் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று எழுத்திலேயே வைத்துவிட்டார்கள். வரம்பை மீறி உழைத்த மணிக்கும் கூலி கொடுத்தே தீரவேண்டும். 2024 ஜூலை 1 முதல், விசாவைக் காட்டி ஒருவரை மிரட்டி நிபந்தனையை மீறச் செய்யும் முதலாளி குற்றவாளி ஆவார். அவ்வாறு சுரண்டப்பட்ட மாணவர் முறையாக முறையிட்டு, அதற்கான சான்றும் பெற்று, இனி நிபந்தனையைக் காப்பதாக உறுதி சொன்னால், அந்த மீறலுக்காக அவரது விசாவை ரத்து செய்யாமல் பாதுகாப்பளிக்கவும் ஏற்பாடு உண்டு. 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆகிவிட்டது.

இத்தனை சட்டமிருந்தும் முறையிடுவோர் சிலரே என்பதற்குக் காரணம் எளிது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஊர் புதிது, வாடகை கட்டவேண்டும், வீட்டுக்குச் சொன்னால் அம்மா அழுவார். முதலாளியும் பல நேரம் நம் மொழி பேசுபவராகவே இருப்பார். ‘அண்ணன்’ என்று அழைத்துவிட்டவரிடம் சம்பளச் சீட்டு கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்கத்தான் வேண்டும். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டும் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். ஓய்வுகாலச் சேமநிதிக்கு 2025 ஜூலை முதல் கூலியில் நூற்றுக்கு 12 வீதம் முதலாளி தம் கையிலிருந்து செலுத்தவேண்டும் என்பதும் சட்டம். “ஒரு வாரம் சும்மா வந்து வேலை பழகு, பிறகு பார்ப்போம்” என்பது செல்லாது. வேலை தெரியுமா என்று சிறிது நேரம் செய்து காட்டச் சொல்லலாம். அதற்கு மேல் நின்றால் கூலி உண்டு.

இன்னொரு தந்திரமும் உண்டு. சிலர் மாணவரிடம் வருமான வரி எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக, ‘வியாபார எண்’ ஒன்று எடுத்து வா என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் ஏட்டில் அவர் ஊழியர் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்! குறைந்தபட்சக் கூலி, சேமநிதி, விடுப்பு என எதையும் கொடுக்காமல் தப்பிக்கப் பார்ப்பார்கள். கடைக்காரர் குறித்த நேரத்திற்கு வந்து, அவர் சொன்ன வேலையைச் செய்து, அவர் கொடுத்த சீருடையை உடுத்தி நிற்பவர் எப்படி ஒப்பந்தக்காரர் ஆவார்? பெயரை மாற்றி எழுதினாலும் உண்மையில் ஊழியராக இருப்பவருக்கு ஊழியருக்குரிய உரிமைகள் உண்டு.

ஆகவே செல்கின்றவர் பெட்டியில் ஊறுகாயோடு சிறிய நாட்குறிப்பு ஒன்றும் வைத்து அனுப்புங்கள். எந்த நாள், எந்தக் கடை, எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, கையில் வந்தது எவ்வளவு என்று அன்றன்றே எழுதி வரவேண்டும். அது 48 மணிக் கணக்கைப் பார்க்கவும் உதவும். முதலாளியின் ஏடு பொய் சொல்லும்போது சாட்சியாகவும் நிற்கும்.

கூலி குறைந்தால் முறையிடும் இடம் ‘ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன்’ என்னும் அரசு அலுவலகம். அங்கே உதவி கேட்கக் கட்டணம் இல்லை. பெயர் சொல்லாமலும் செய்தி தெரிவிக்கலாம். ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வராதவர் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அந்த அலுவலகத்தோடு பேசவேண்டும் என்று கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் அச்சேவையில் இருக்கிறார்கள்.